காற்றும் காய்கறித் தோட்டமும்

செகந்திராபாத்துக்கு வடக்கே, மேட்டு நிலத்தில் போலாரம் அமைந்திருக்கிறது. நிஜாமின் இராச்சியத்தில் கம்பெனியின் துணைப்படை நிலைகொள்ள 1798-ஆம் ஆண்டில் உடன்படிக்கை ஏற்பட்ட பிறகு, சென்னை இராஜதானியிலிருந்து வந்த சிப்பாய்களோடும் அவர்களை அண்டிப் பிழைத்த வியாபாரிகளோடும் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கின. பின்னர் இரயில்வே வேலையும் அலுவலக வேலையும் வேறு பலரை அழைத்து வந்தன. 1860-இல் கட்டப்பட்ட பழைய ரெசிடென்ஸி மாளிகைதான் இப்போது இராஷ்டிரபதி நிலையமாக விளங்குகிறது. ஏறக்குறைய தொண்ணூறு ஏக்கர் பரப்புள்ள அந்த வளாகத்தில் மாவும் சப்போட்டாவும் பிறவும் அடர்ந்து நிற்கின்றன. அம்மரங்களின் மறைவில் நடக்கும்போது தெரியாத ஒன்று, அவற்றைக் கடந்து திறந்த வெளிக்கு வந்ததும் தெரிந்துவிடும். அதுதான் போலாரத்துக் காற்று. அந்தக் காற்றிலிருந்து காய்கறிச் செடிகளை அதிகச் செலவின்றிக் காப்பது எப்படி என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

என் வீட்டின் பின்புறம் கிழக்கு மேற்காக நாற்பதடியும் தெற்கு வடக்காக முப்பதடியும் உள்ள நிலம் இருக்கிறது. ஓய்வூதியத்தில் காலங்கழிப்பவனுக்கு அது சிறிய சொத்தன்று. குடிவந்த முதல் கோடையில் அதில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை ஆகியவற்றை வைத்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து என் தமக்கையார் காகிதப் பொட்டலம் ஒன்றில் மிதிபாகல் விதை இருபது கொடுத்தனுப்பியிருந்தார். இவ்வூர்ச் சந்தையில் நீண்ட பாகல் ஏராளமாகக் கிடைக்கும். நம் பக்கத்து மிதிபாகலை நான் பார்த்ததில்லை. இருபது விதையில் பதினான்கு முளைத்தன. பந்தலிட்டு ஏற்றினேன். பூவும் விட்டன. ஜூன் மாதம் இரண்டாம் வாரத்தில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் இரவு வீசிய காற்றில் பந்தல் கால்களோடு பெயர்ந்து வேலியில் போய்ச் சாய்ந்தது. தக்காளிச் செடிகளில் பாதி வேர் தெரியக் கிடந்தன. பாகற்கொடிகளில் மூன்றே பிழைத்தன. ஒரு பொட்டலம் விதைக்காக ஒருவன் இவ்வளவு வருந்துவானா என்று பிறர் நினைக்கலாம். ஊரை விட்டு வந்து வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பலரும் அதையே செய்வதைப் பின்னர்க் கண்டேன். காற்று மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே மேற்கே ஒரு சுவர் எழுப்பினால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணினேன். செங்கல்லுக்கு வசதியில்லை. பழைய நெளிதகரங்களை வாங்கி ஆறடி உயரத்துக்கு வரிசையாக நிறுத்தினேன். தகரத்தை ஒட்டியிருந்த செடிகள் சுகமாக இருந்தன. ஆனால் அங்கிருந்து சற்றுத் தள்ளியிருந்த கத்தரிப் பாத்தி முந்தின ஆண்டைவிட மோசமாகச் சுழன்று அடிபட்டது. இலைகள் கிழக்கே சாயாமல் நாலா திசையிலும் முறுக்கிக்கொண்டு கிழிந்தன. ஜூலையில் ஒரு நள்ளிரவில் இரண்டு தகரங்கள் பிய்த்துக்கொண்டு அடுத்த வீட்டு மாட்டுக்கொட்டகையின் மேல் விழுந்தன. மாடுகளுக்கு ஊறு நேரவில்லை என்பது தெய்வாதீனம்.

கொட்டகைக்கு உரியவர் வயது முதிர்ந்த தெலுங்கர். கீரை பயிரிட்டுப் பிழைத்தவர். மறுநாள் தகரத்தைத் தாமே தூக்கிவந்து போட்டுவிட்டு, "காற்றுக்கு முழுக்கக் கதவைச் சாத்தினால் அது கூரை வழியாக இறங்கும், ஐயா" என்று சொன்னார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்த எனக்கு, அந்தச் சொல்லின் பொருள் அப்போது மனத்தில் ஏறவில்லை. பிறகு சில நூல்களைப் புரட்டியபோது, காற்றுத் தடுப்பைப் பற்றி விஞ்ஞானிகள் அளந்து கண்டிருப்பதும் அதுவே என்று அறிந்தேன்.

இடைவெளியே இல்லாத தடுப்பில் மோதும் காற்று அங்கே குவிந்து, மேலே எழும்பித் தாண்டி, அப்பால் சரேலென்று கீழே இறங்கிச் சுழலுகிறது. தடுப்பில் ஏறக்குறைய பாதி இடைவெளியாக இருக்குமானால், ஒரு பகுதிக் காற்று அதன் ஊடே மெதுவாக நுழைந்து வந்து, மேலே தாண்டும் காற்று உடனே இறங்காதபடி தாங்கிக்கொள்கிறது. அப்படிப்பட்ட தடுப்பின் நிழல், அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை நன்றாகவும், அதற்கப்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகவும் எட்டும். ஐந்தடி உயரமுள்ள வேலி ஐம்பதடிக்குப் பயன்படும். என் நிலம் முழுவதற்கும் அது போதும். காற்றின் வேகம் இரண்டு பங்கானால் அது செடியின்மேல் செலுத்தும் விசை நான்கு பங்காகிறது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். இதையே திருப்பிப் பார்த்தால், வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டால் விசை கால் பங்காகிவிடும். ஆகவே காற்றை முற்றும் நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. அதைச் சல்லடையில் வடிகட்டுவதுபோல் தளரச் செய்தாலே போதும்.

பெரிய அளவில் இதையே நாடுகள் செய்திருக்கின்றன. அமெரிக்காவில் 1930-களில் புழுதிப் புயல்கள் சமவெளிகளைப் பாழாக்கியபோது, வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்ஸஸ் வரை, 1935 முதல் 1942 வரையில் ஏறக்குறைய இருபத்திரண்டு கோடி மரங்களைக் காற்றுத்தடுப்பு வரிசைகளாக நட்டார்கள். தமிழ்நாட்டில் வாழைத் தோப்புகளின் ஓரத்தில் சவுக்கு நடுவதும் அந்த வகையைச் சேர்ந்ததே. முப்பதடி நிலத்துக்குச் சவுக்குத் தோப்பு வேண்டாம். அதற்கு நம் பாட்டனார் காலத்துப் படலே போதுமானது.

படல் என்றால் மானாவாரிக் கிராமங்களில் பிறந்தவர்களுக்குத் தெரியும். கிடையை மறிக்கவும் வாசலை அடைக்கவும் மிளார்களைக் கட்டிச் செய்யும் தட்டிதான் அது. துவரை அறுவடையானபின் எஞ்சி நிற்கும் துவரை மிளார் இதற்கு மிகச் சிறந்தது. தெலங்காணாவில் துவரைக்குக் குறைவில்லை. தாண்டூர்த் துவரைக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தை, மாசி மாதங்களில் போலாரத்துக்கு அப்பால் உள்ள கிராமங்களுக்குச் சென்றால், 'கந்தி கட்டெ' என்று சொல்லிக் கேளுங்கள். அடுப்பெரிக்க வைத்திருப்பார்கள், கட்டுக் கட்டாகக் கொடுப்பார்கள். அதற்குக் கொடுத்த விலை, நான் தகரத்துக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

நிலத்தின் மேற்கு எல்லையில் ஆறடிக்கு ஒன்றாகத் தைலமரக் கம்போ மூங்கிலோ நடவேண்டும். இரண்டடி ஆழமாவது குழி வேண்டும். போலாரத்துச் செம்மண்ணில் ஒரு முழம் தோண்டியதும் சரளை தட்டுப்படும். சலிப்படையாமல் கடப்பாறையால் இடித்துத்தான் ஆகவேண்டும். முதல் ஆண்டுப் பந்தல் வீழ்ந்ததற்குக் காரணம் நான் அந்தச் சரளைக்குப் பயந்ததே. கம்புகளுக்குக் குறுக்கே தரையிலிருந்து ஒன்றரையடி, மூன்றடி, நான்கரையடி உயரங்களில் மூன்று வரிசைக் கயிறு அல்லது பிளாச்சு கட்டி, அவற்றில் மிளார்களை நெட்டுக்குத்தாகச் செருகிப் பின்ன வேண்டும். எவ்வளவு நெருக்கம் என்றால், படலுக்கு அப்பால் நிற்கும் ஆள் தெரிய வேண்டும். அவர் இன்னார் என்று தெரியக்கூடாது. இது நானே கண்டுபிடித்த அளவுகோல். நூல்களில் இல்லாவிட்டாலும் இதுவரை என்னை ஏமாற்றவில்லை.

படலின் நடுவே வழி விடக்கூடாது. விட்டால், மற்ற இடத்தில் தடைப்பட்ட காற்றெல்லாம் அந்த வாயில் வழியாக முன்னிலும் விரைவாகப் பாயும். இரு முனைகளிலும் அப்படியே காற்று வளைந்து விரையும். ஆகையால் பாத்தி முடியும் இடத்தோடு படலை நிறுத்தாமல் இரண்டு மூன்று கஜம் அப்பாலும் நீட்டிக்கொள்வது நல்லது. தென்மேற்கு மூலையில் என் படல் சற்று மடங்கித் தெற்கேயும் போகிறது.

மிளார் கிடைக்காதவர்கள் பனையோலையைக் கிழித்து இடைவெளி விட்டுக் கட்டலாம். சாக்கு, பழைய கொசுவலை, கடையில் விற்கும் பச்சை நிழல்வலை ஆகியவையும் உதவும். நிழல்வலையில் பாதி வெளிச்சம் விடும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பழம்புடவையை மட்டும் விரித்துக் கட்டாதீர்கள். அது கப்பற்பாய் போலக் காற்றைப் பிடித்துக் கம்போடு பிடுங்கிவிடும். அதையே ஒரு சாண் அகலமாகக் கிழித்து, ஒரு சாண் இடைவெளி விட்டுக் கயிறுகளில் பின்னினால் பருத்திப் புடவை ஒரு பருவம் தாங்கும்.

உயிர்வேலி வளர்க்கலாம் அல்லவா என்று கேட்பீர்கள். வளர்க்கலாம், வளர்க்கவும் வேண்டும். ஆனால் அதற்கு முன் இவ்வூர்க் காற்றின் பஞ்சாங்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறோம்.

தமிழ்நாட்டில் காற்று என்றதும் ஆடி மாதம் நினைவுக்கு வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் அடிக்கும் அந்தக் காற்று, மலைக்குக் கிழக்கே பெரும்பாலும் வறண்ட காற்று. மண் இறுகிக் கிடக்கும். வேர் பிடி விடாது. நமக்குப் பெருமழை ஐப்பசியில் வரும். போலாரத்தில் அப்படியன்று. ஆண்டு முழுதும் பெய்யும் மழையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடுகிறது. மேற்குக் காற்றின் வேகமும் ஜூன், ஜூலை மாதங்களிலேயே மிகுதி. மண் ஊறி இளகியிருக்கும் வேளையில், இலையெல்லாம் நீர் கோத்துப் பாரமாக இருக்கும் வேளையில், காற்றும் வருகிறது. ஊரில் நிமிர்ந்து நின்ற அதே செடி இங்கே சாய்வதற்கு இதுவே காரணம்.

இதற்கு முன்னே வருவது வேறொரு காற்று. நமக்கு அக்னி நட்சத்திரம் எப்படியோ, அப்படித் தெலுங்கர்களுக்கு மே மாதக் கடைசியில் தொடங்கும் ரோகிணிக் கார்த்தி. அந்நாட்களில் பகலில் வீசும் அனற்காற்றை 'வடகாலி' என்கிறார்கள். வட என்பது திசையன்று. வெப்பத்தைக் குறிக்கும் சொல். அது செடியைச் சாய்ப்பதில்லை, உலர்த்துகிறது. வேர் உறிஞ்சும் நீரைவிட இலை இழக்கும் நீர் அதிகமாகிறது, பூ உதிர்கிறது. அதே பருவத்தில் சில மாலைகளில் இடியோடு திடீரென்று புழுதி கிளப்பி வருவதை 'ஈதுரு காலி' என்கிறார்கள். ஜூன் 7 அல்லது 8-இல் மிருகசிரக் கார்த்தி பிறந்தால் மழைக்காலம் பிறந்ததாகக் கணக்கு. மூன்று காற்றுக்கு மூன்று பெயரும் மூன்று பரிகாரமும் உண்டு என்பதை ஊராரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது. ஆடிப்பட்டம் தேடி விதைப்பது நம் வழக்கம். இங்கே ஆடிக்குள் செடி வேரூன்றி நின்றிருக்க வேண்டும்.

உயிர்வேலிக்கு இப்போது வருவோம். ஜூன் மாதத்துக் காற்றைத் தாங்க வேண்டுமானால் வேலிச் செடி அதற்கு முன்பே ஆளுயரம் எட்டியிருக்க வேண்டும். ஆகவே மாசி மாதத்தில் படலுக்கு உட்புறமாக ஆமணக்கை இரண்டடிக்கு ஒன்றாக ஊன்றி, கோடை முழுதும் சமையலறை நீரை அதற்கு விட்டு வருகிறேன். பல்லாண்டு நிற்கும் நாட்டு ஆமணக்கானால் ஒருமுறை விதைத்தால் போதும். நெருங்கி வளர்ந்தால் கீழிலைகளைக் கிள்ளி இடைவெளி உண்டாக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் ஆமணக்கு விதை கைக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அது கொடிய நஞ்சு. அவ்விதக் கவலையுள்ளவர்கள் அகத்தி வைக்கலாம். அது விரைந்து வளரும். ஆனால் மரம் மெலிது, முறியும். ஆளுயரத்தில் தலையை ஒடித்துவிட்டால் கிளைத்து நிற்கும், கீரையும் கிடைக்கும். சித்திரையில் நீர் பாய்ச்சி நெருக்கமாக விதைத்த சோளம் ஆனிக் கடைசிக்குள் ஓரளவு மறைப்பாகும். துவரையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். முதல் இரண்டு மாதம் அது மெதுவாக வளரும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. மழையோடு விதைத்த துவரை அவ்வாண்டுக் காற்றுக்கு உதவாது. புரட்டாசிக்குப் பிறகு உதவும், தையில் அடுத்த படலுக்கு மிளாரும் தரும். நான் மூன்று வரிசை துவரை வைத்திருப்பது அதற்காகவே.

வேலி அமைத்த பிறகும் ஒவ்வொரு செடியையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. தக்காளி நாற்றை முதல் இலைக்காம்பு வரை ஆழப் புதைத்து நடுங்கள். புதைந்த தண்டிலும் வேர் விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை மண் அணையுங்கள். காற்று ஆட்டி ஆட்டித் தூரைச் சுற்றிப் புனல் போல ஒரு குழி விழும். அதில் நீர் நின்றால், காற்றுக்குத் தப்பிய செடி அழுகிச் சாகும். அந்தக் குழியைக் காலால் மிதித்து மூடுவது காற்றுக்காலத்தில் தினமும் காலையில் செய்ய வேண்டிய வேலை.

முட்டுக்கோலைச் செடிக்கு மேற்குப் பக்கத்தில் ஊன்றுங்கள். கிழித்த பழந்துணியை எட்டு வடிவமாகச் சுற்றி, ஒரு வளையத்தில் கோலும் மறு வளையத்தில் தண்டும் இருக்கும்படி தளரக் கட்டுங்கள். சணல் கயிறு தண்டை அறுத்துவிடும். இறுக்கிக் கட்டுவது பரிவு போலத் தோன்றினாலும் தீமையே செய்யும். சிறிதளவு ஆட்டம் கண்ட செடிதான் குட்டையாக, தண்டு பருத்து வளர்கிறது என்று தாவர நூலார் கண்டிருக்கிறார்கள். நாற்றங்காலில் இருக்கும்போதே நாற்றின் தலையைக் கையால் நாளுக்குச் சில முறை தடவிவிடுகிறேன். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்வதுண்டு.

பந்தல் போடுகிறவர்கள் அதன் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக, காற்றோடு ஒத்திருக்குமாறு போடுக. குறுக்கே நின்றால் கொடியேறிய பந்தல் ஒரு சுவரேதான். நான்கு மூலைக் கால்களிலிருந்தும் வெளிப்புறமாகக் கயிறு இழுத்து முளையடித்துக் கட்ட வேண்டும். ஆனியில் கொடியைப் பாதி உயரத்துக்கு மேல் ஏறவிடாமல் படரவிட்டால் சேதம் குறையும்.

கொடி பிழைத்தும் காய் பிடிக்கவில்லை என்று முறையிடுபவர்கள் பலர். பலத்த காற்றில் தேனீக்கள் வருவதில்லை. அதனால் பிஞ்சு வெம்பிப் போகிறது. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் நாமே தடவிவிடலாம். பாகலும் பூசணியும் காலையில் மலர்கின்றன. சுரை, பீர்க்கு, புடலை மாலையில் மலர்கின்றன. நேரமறிந்து செய்தால் ஒரு கொடியில் எதிர்பாராத அளவு காய்க்கும். பிழைத்த மூன்று மிதிபாகற்கொடிகளிலும் அந்த ஆண்டு நான் அப்படித்தான் விதையெடுத்தேன்.

வேறு நகரங்களில் வாழும் நேயர்கள் இதிலுள்ள திசையையும் மாதத்தையும் தங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். தில்லியில் மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் 'லூ' என்னும் அனற்காற்றுக்குத் தடுப்போடு மூடாக்கும் காலை நீரும் வேண்டும். கல்கத்தாவில் சித்திரை, வைகாசியில் வரும் காலபைசாகி வடமேற்கிலிருந்து பாய்வது. பம்பாயில் மழைக்காலக் காற்று கடலிலிருந்து வருவதால், கரையோர வீடுகளில் உப்புப் படிந்த இலைகளை நல்ல நீரால் கழுவிவிட வேண்டும். மாடியில் தொட்டி வைப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டி வைக்காதீர்கள்; கீழே நடப்பவர்களின் தலையை நினையுங்கள். தொட்டிகளைத் தரையில் ஒரு மூலையில் நெருக்கி, உயரமானவற்றை நடுவிலும் குட்டையானவற்றைச் சுற்றிலும் வைத்து, எல்லாவற்றையும் ஒரே கயிற்றால் வளைத்துக் கட்டினால் ஒன்றுக்கொன்று அணையாகும். மாடிச் சுவர் நான் நிறுத்திய தகரத்தைப் போன்றது. அதை ஒட்டிய இடமே அமைதியானது, நடு மாடியில் சுழற்சி அதிகம்.

இவ்வளவு செய்தும் ஈதுரு காலிக்கு மட்டும் என்னிடம் முழுப் பரிகாரம் இல்லை. அது எத்திசையிலிருந்தும் வரும். மேற்கே நிற்கும் படல் அதற்கு ஒரு பொருட்டன்று. கோடையில் பிற்பகல் நான்கு மணிக்கு வானத்தைப் பார்ப்பது, மேகம் கறுத்தால் முற்றிய காய்களைப் பறித்துப் பாரத்தைக் குறைப்பது, இளங்கொடிகளைப் பந்தலிலிருந்து இறக்கித் தரையில் கிடத்திச் சாக்குப் போட்டு ஓரங்களில் கல் வைப்பது, இவைதாம் முடிகின்றன. போன மே மாதமும் ஐந்தாறு தக்காளிகள் சாய்ந்தன.

சாய்ந்த செடியை அன்றிரவே இழுத்து நிமிர்த்தாதீர்கள். எஞ்சிய வேரும் அறுந்துபோம். வேரின்மேல் ஈர மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மறுநாள் காலை பாதியளவு நிமிர்த்தி முட்டுக் கொடுத்து, மேலிலைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளி, இரண்டு நாள் நிழல் காட்டி, பிறகு மீதியை நிமிர்த்துங்கள். முறிந்த தக்காளிக் கிளையைக் குப்பையில் எறியாமல் ஈர மண்ணில் ஊன்றினால் பத்து நாளில் வேர்விடும். விதையை மட்டும் ஒரே முறையில் முழுதும் ஊன்றிவிடாதீர்கள். மிதிபாகல் விதையில் பாதியைச் சாம்பலோடு கலந்து ஒரு சீசாவில் அடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். தமக்கையாருக்கு இந்த ஆண்டு அதிலிருந்து இருபது விதை அனுப்பினேன்; அவர் தோட்டத்தில் அந்த இனம் அழிந்துவிட்டதாம்.